திருக்குறள் பதிவுகளை ஒரே கோவையாக்கிய அனுபவம்

எங்கள் கல்லூரி நூலகத்தில் திருக்குறளுக்கு மட்டும் ஓர் அலமாரி. மூலம் மட்டும் உள்ளவை, பரிமேலழகர் உரையோடு வந்தவை, மு.வ.வின் தெளிவுரை பல பதிப்புகளில், 1886-இல் முதலில் வெளிவந்த போப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு என்று எல்லாம் உண்டு. ஆனால் நூலக மென்பொருளான கோஹாவில் ஒவ்வொன்றும் தனிப் பதிவு, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பே இல்லை. நூல்களைத் தேடும் கணினிப் பட்டியலான ஓபேக்கில் 'திருக்குறள்' என்று தேடுகிற மாணவருக்குப் போப்பின் நூல் வராது. அந்தப் பதிவில் ஆங்கிலத் தலைப்பு மட்டும்தான் இருந்தது. பக்கத்துத் தட்டிலேயே இருக்கும் புத்தகத்தை இல்லை என்று நினைத்துத் திரும்பிப் போவார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை.

இதற்கான வரைபடம் புதிதல்ல. பன்னாட்டு நூலகச் சங்கக் கூட்டமைப்பான இஃப்லா 1998-இல் நூற்பட்டியலுக்கான எஃப்ஆர்பிஆர் என்ற மாதிரியையும், அதைச் செப்பனிட்டு 2017-இல் எல்ஆர்எம் மாதிரியையும் தந்தது. நான்கு நிலைகள்: படைப்பு, வெளிப்பாடு, வெளியீடு, படி. திருக்குறள் ஒரு படைப்பு. அதன் தமிழ் மூலம் ஒரு வெளிப்பாடு, போப்பின் ஆங்கிலம் இன்னொரு வெளிப்பாடு. ஒரு பதிப்பகம் ஓர் ஆண்டில் அச்சிட்டது வெளியீடு. சேர்க்கை எண் ஒட்டி அலமாரியில் நிற்பது படி. நாம் புழங்கும் மார்க் பதிவு, அதாவது கணினி படிக்கும் நூற்பட்டியல் வடிவம், அட்டைக் காலத்தை மனத்தில் வைத்து 1960-களில் உருவானது. இந்த நான்கையும் ஒரே பதிவில் அடைத்துவிடுகிறது. இருந்தாலும் மார்க்கை விட்டு வெளியே போகாமலேயே நிறையச் செய்யலாம்.

பெயர்களில் தொடங்கினேன். திருவள்ளுவர், வள்ளுவர், ஆங்கில எழுத்தில் 'எச்' சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று என்று நாலைந்து வடிவங்கள் இருந்தன. மு.வ.வுக்கும் இதே கதி: 'வரதராசன், மு.', 'மு. வரதராசனார்', 'டாக்டர் மு.வ.'. ஆளுக்கு ஓர் அத்தாரிட்டி பதிவு, அதாவது பெயரின் ஏற்ற வடிவத்தை நிலைநிறுத்தும் பதிவு, உருவாக்கி, மற்ற வடிவங்களை 400-ஆம் புலத்தில் (மார்க்கில் ஒவ்வொரு வகைத் தகவலுக்கும் எண்ணிட்ட இடம்தான் புலம்) 'இதற்கு அதைப் பார்' என்று போட்டேன். 024-ஆம் புலத்தில் வியாஃப் எண்ணையும் சேர்த்தேன். பல நாட்டு நூலகங்களின் பெயர்ப் பதிவுகளை ஒருங்கே கோத்துவைத்திருக்கும் பட்டியல் அது.

நடுவில் ஒரு விநோதச் சிக்கல். 'பொருட்பால்' என்று தேடினால் சில பதிவுகள் மட்டும் வந்தன. திரையில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தன. உள்ளே போய்ப் பார்த்தால், 'பொ'வில் இருக்கும் குறி சிலவற்றில் ஒரே யூனிகோடு எழுத்தாகவும், சிலவற்றில் கொம்பும் காலும் தனித்தனி எழுத்துகளாகவும் இருந்தன. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியபோது வந்த வினை. எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்து, ஒரே வடிவத்துக்கு மாற்றி, திரும்ப ஏற்றினேன். தமிழ்ப் பதிவுகளை இணைக்க நினைப்பவர்கள் இதை முதலிலேயே செய்துவிடுவது நல்லது.

அப்புறம்தான் உண்மையான கேள்வி வந்தது. உரை என்பது என்ன? மொழிபெயர்ப்பு அதே படைப்பின் இன்னொரு வெளிப்பாடு, அதில் குழப்பமில்லை. உரை அப்படியல்ல, அது உரையாசிரியரின் தனிப் படைப்பு என்கிறது மாதிரி. பரிமேலழகர் உரையைப் படித்தவர் யாரும் அதை மறுக்கமாட்டார்கள். அந்த உரைக்கே விளக்கம் எழுதியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நம் வழக்கில் உரை மூலத்தை விட்டுத் தனியே அச்சாவதில்லை. ஆகவே ஒரே புத்தகத்தில் இரண்டு படைப்புகள். பரிமேலழகரை முதன்மை ஆசிரியராக வைத்து, திருவள்ளுவர்-திருக்குறள் என்று 700-ஆம் புலத்தில் இணைப்புக் கொடுத்தேன். போப்பின் பதிவில் 240-இல் 'திருக்குறள்' என்ற பொதுத் தலைப்பும், 041-இல் மூலமொழி தமிழ் என்ற குறியும் சேர்ந்தன.

இன்னொரு பழைய உரையாசிரியரான மணக்குடவரிடம் வந்தபோது இன்னும் நுணுக்கம். அதிகாரத்துக்குள் குறள்கள் வரும் வரிசை அவரிடம் பல இடங்களில் வேறு. இன்று நாம் சொல்லும் குறள் எண்கள் பரிமேலழகர் வரிசைப்படி அமைந்தவை. அப்படியானால் மணக்குடவர் கண்ட மூலத்தைத் தனி வெளிப்பாடாகவே கொள்ளவேண்டும் என்பது என் முடிவு. தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர் சுவடி மரபைச் சொல்லி இதை ஆமோதித்தார். அந்தப் பதிவுகளில் வரிசை வேறுபாட்டைக் குறிப்பாக எழுதிவைத்தேன். குறள் எண்ணை நம்பிப் புரட்டுகிற மாணவருக்கு அது உடனே உதவும்.

இப்போது 'திருக்குறள்' என்று தட்டினால் மூலம், உரைகள், மொழிபெயர்ப்புகள் எல்லாம் சேர்ந்து வருகின்றன. அத்தாரிட்டி பதிவுகளை மார்க் கோப்பாகப் பக்கத்துக் கல்லூரி நூலகத்துக்கும் கொடுத்தேன். அவர்கள் மு.வ. பெயரை வேறு வடிவத்தில் எழுதியிருந்தார்கள், உள் எண்ணும் வேறு. வியாஃப் எண் ஒன்றாக இருந்ததால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று உறுதிசெய்ய அதுவே போதுமானதாக இருந்தது. அடுத்து கம்பராமாயணப் பதிவுகளை இரு நூலகங்களும் சேர்ந்தே எடுத்திருக்கிறோம்.