ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவரையும் சேர்த்துப் பிடிக்கும் சட்டம்

பக்கத்து ஊரில் ஒரு கல்லூரிப் பையன் போதை மாத்திரையால் இறந்துபோனான். அன்றிலிருந்து எங்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பேச்சு: "வித்தவன் மேல கொலைக் கேஸ் போடணும். ஜென்மத்துக்கும் வெளிய விடக்கூடாது." அந்த ஆத்திரம் எனக்கும் உண்டு. நியூஜெர்சியில் பார்மசிஸ்டாக வேலை பார்ப்பவள் நான். பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா, அவன் பெயரில் மருந்துச் சீட்டில் மிச்சமிருந்த ரீஃபில்லை ரத்து செய்யச் சொல்லி வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் குழுவில் யாரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அப்படி ஒரு சட்டம் வந்தால் அது யாரைப் பிடிக்கும்?

சட்டம் புதிதாக வர வேண்டியதில்லை. 1986 ஜூனில் லென் பயஸ் என்ற மேரிலாந்து பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரரை பாஸ்டன் செல்டிக்ஸ் அணி தேர்ந்தெடுத்தது. இரண்டே நாளில் கொக்கெயினால் இறந்தார். நாடே கொதித்தது. அந்த அக்டோபரிலேயே அமெரிக்க மத்திய அரசின் சட்டம் வந்துவிட்டது: விற்ற போதைப்பொருளால் மரணம் நேர்ந்தால் குறைந்தபட்சம் 20 ஆண்டு சிறை. மறு ஆண்டே நியூஜெர்சியும் தனக்கென்று ஒன்று கொண்டுவந்தது. இங்கே கொல்லும் எண்ணம் இருந்ததா என்று பார்ப்பதில்லை. கொடுத்தாய், அவர் இறந்தார், அவ்வளவுதான். தானாகவே விரும்பித்தானே எடுத்துக்கொண்டார் என்ற வாதமும் எடுபடாது. சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. முதல் நிலைக் குற்றம், 10 முதல் 20 ஆண்டு.

இதில் என் தொழில் சம்பந்தப்பட்ட ஒரு சிக்கல் உண்டு. அயோவாவில் 2010இல் ஒருவர் ஒரு நாள் முழுக்கக் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு இறந்தார். ரத்தத்தில் ஹெராயினின் மிச்சம், ஆக்ஸிகோடோன், அல்பிரசோலம், குளோனசெபம் எல்லாம் இருந்தன. அவருக்கு ஒரு கிராம் ஹெராயின் விற்றவருக்கு 20 ஆண்டு. 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பரேஜ் வழக்கில் அந்த மரணக் குற்றச்சாட்டை ஒருமனதாக ரத்து செய்தது. ஹெராயினும் ஒரு காரணம் என்றால் போதாது, அது மட்டும் இல்லாதிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நிரூபிக்க வேண்டும் என்றது. நிபுணர்களால் அப்படிச் சொல்ல முடியவில்லை. எப்படிச் சொல்ல முடியும்? ஹெராயின், ஆக்ஸிகோடோன் போன்ற ஓபியாய்டு மூச்சு விடும் வேகத்தைக் குறைக்கும். அல்பிரசோலம் போன்ற பதற்ற மாத்திரைகள் அதனுடன் சேர்ந்தால் இன்னும் அமுக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும்போது எச்சரிக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016இல் கறுப்புக் கட்டம் போட்டே அச்சிட வைத்தது. மூச்சு நின்ற பிறகு எது நிறுத்தியது என்று பிரித்துச் சொல்வது பல நேரம் ஆகாத காரியம்.

இப்போது ஃபென்டனில் என்ற செயற்கை ஓபியாய்டு வந்துவிட்டதால் அரசு வழக்கறிஞருக்கு வேலை சுலபம். ஹெராயினைப் போல 50 மடங்கு வீரியம். 2 மில்லிகிராமே ஆளைக் கொல்லலாம், அதனால் அதுதான் கொன்றது என்று காட்டுவது எளிது. எம் 30 என்று பொறித்த போலி நீல மாத்திரையில் அது எவ்வளவு இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது.

சரி, கொடுத்தவர் என்பது யார்? எல்லாரும் மனதில் வைத்திருப்பது மாத்திரை அச்சடிக்கிற, கிலோ கணக்கில் கடத்துகிற ஆளை. ஆனால் இறந்தவரின் போனில் கடைசியாக இருப்பது பெரும்பாலும் நண்பன், காதலி, கூட இருந்தவர்தான். இதே மாநிலத்தில் இரண்டு நண்பர்கள் காசு போட்டுச் சேர்ந்து ஹெராயின் வாங்கினார்கள், ஒருவர் இறந்தார், மற்றவர் மேல் இந்தப் பிரிவு பாய்ந்தது. சேர்ந்து வாங்கியதைப் பங்கிட்டுக்கொள்வது விநியோகம் ஆகாது என்று சொல்ல மாநில உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது (மாரிசன் வழக்கு, 2006). ஒருவர் மட்டும் போய் வாங்கி வந்து கொடுத்திருந்தால்? அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

2023 ஜனவரியிலிருந்து எங்கள் மாநிலத்தில் 14 வயது நிரம்பிய யாரும் திட்டத்தில் சேர்ந்த மருந்துக்கடைக்குப் போய், ஓபியாய்டால் அடங்கிய மூச்சை மீட்கும் நலோக்ஸோன் மருந்தை இலவசமாக வாங்கலாம். பெயர்கூடச் சொல்ல வேண்டாம். வருகிறவர்களுக்கு நான் பெட்டியைப் பிரித்தே காட்டிவிடுவேன். மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, முனையை ஒரு மூக்குத்துளைக்குள் முழுசாக விட்டு, அடியிலுள்ள பட்டனை ஒரே அழுத்து. சோதித்துப் பார்க்கிறேன் என்று முன்னாடியே அழுத்திவிடக் கூடாது, உள்ளே இருப்பது ஒரே டோஸ். இரண்டு மூன்று நிமிடத்தில் முழிப்பு வராவிட்டால் அடுத்தது. முழித்துவிட்டாலும் அவசர உதவி எண்ணான 911ஐக் கூப்பிடத்தான் வேண்டும், ஏனென்றால் மருந்தின் வேலை முப்பது முதல் தொண்ணூறு நிமிடத்துக்குள் முடிந்து மூச்சு மறுபடி அடங்கலாம்.

இந்த இடம் வரும்போது ஒரு பையன் கேட்டான்: "நான்தான் வாங்கிக் கொடுத்தேன்னு வைங்க. கூப்பிட்டா என்னைப் பிடிப்பாங்களா?"

2013இல் வந்த சட்டம் கூப்பிடுபவரைக் காப்பாற்றுகிறது. வைத்திருந்தது, எடுத்துக்கொண்டது ஆகியவற்றுக்கு வழக்கு இல்லை. கொடுத்ததற்கு அந்தக் காப்பு இல்லை. அந்த மரணப் பிரிவுக்கும் இல்லை. நான் அதை அவனிடம் மறைக்கவில்லை. ஆள் பிழைத்துவிட்டால் மரணப் பிரிவே வராது, அதனால் யோசிக்காமல் கூப்பிடு என்றேன். ஆனால் நண்பன் நீலம் பாரித்துக் கிடக்கும்போது ஒரு இருபது வயதுப் பையன் இந்தக் கணக்கையா போடுவான்? பயந்து ஓடத்தான் பார்ப்பான்.

இங்கிலாந்தில் நேர் எதிராக யோசித்திருக்கிறார்கள். விவரம் தெரிந்த வயதுவந்த ஒருவர் தன் இஷ்டப்படி ஊசி போட்டுக்கொண்டு இறந்தால், கொடுத்தவர் மேல் மரணக் குற்றம் வராது என்று 2007இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது (கென்னடி வழக்கு). 2009இல் எவன்ஸ் வழக்கு. 16 வயதுத் தங்கைக்கு ஹெராயின் வாங்கிக் கொடுத்த அக்கா, அவளுக்கு முடியாமல் போனதைக் கண்டும் மாட்டிக்கொள்வோமே என்று யாரையும் அழைக்காமல் படுக்க வைத்துவிட்டாள். காலையில் உயிரில்லை. அந்த அக்காவுக்குத் தண்டனை உறுதியானது, ஆபத்தை உண்டாக்கிவிட்டு உதவி கூப்பிடாமல் விட்டதற்காக. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது. கைவிட்டவருக்குத் தண்டனை என்றால், கூப்பிடுவதற்கு ஒரு காரணம் கூடுகிறது. எங்கள் சட்டத்தில் கூப்பிட்டவரும் ஓடியவரும் ஒரே கூண்டில் நிற்கிறார்கள்.

எங்கள் சட்டம் வந்து முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அது வந்ததால் சாவு நின்றுவிடவில்லை, 2021 முதல் 2023 வரை அமெரிக்கா முழுவதும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் இறந்தார்கள். என் தொகுதி சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதியிருக்கிறேன்: 2013 சட்டத்தின் காப்பில் இந்த மரணப் பிரிவையும் சேருங்கள். சம்பவ இடத்திலிருந்து 911ஐ அழைத்து, உதவி வரும்வரை கூடவே இருந்தவர் மேல், அவர் லாபத்துக்கு விற்றவராக இல்லாத பட்சத்தில், இந்த வழக்கு போடக் கூடாது. ஃபென்டனிலைக் கலந்து மாத்திரை அச்சடித்து விற்றவனுக்கு இந்தச் சலுகை வேண்டாம். அவன் மேல் தாராளமாகப் போடட்டும்.