மூடையை எத்தனை தரம் தூக்குகிறோம்?

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வெங்காயம் அனுப்புகிறவர் முதலில் கேட்பது கூலியை அல்ல. "அங்க எத்தனை மணிக்கு இறங்கும்?" என்பதைத்தான். மரக்கறி மொத்த வியாபாரம் விடியப்புறத்தில் நடக்கிறது. வெயில் ஏறிய பிறகு வந்து சேரும் மூடை மறுநாள் வரை கிடக்கும். 50 கிலோ மூடையில் 2 வீதம் ஈரம் வற்றினாலே ஒரு கிலோ போய்விடும். இருபது மூடைக்கு 20 கிலோ. லொறியை விட்டுக் கோச்சியில், அதாவது புகையிரதத்தில், அனுப்பிக் கூலியில் மிச்சம் பிடித்தது அதிலேயே கரைந்துவிடுகிறது.

அடுத்தது தூக்குகிற கணக்கு. லொறி தோட்டத்துக்கே வரும். அங்கே ஒரு தரம் ஏற்று, சந்தையில் ஒரு தரம் இறக்கு, அவ்வளவுதான். புகையிரதத்தில் அனுப்பினால் லான்ட்மாஸ்டரில் (இரு சில்லு உழவு இயந்திரத்தில்) ஏற்ற வேண்டும், நிலையத்தில் இறக்க வேண்டும், தராசில் வைக்க வேண்டும், கோச்சிப் பெட்டியில் ஏற்ற வேண்டும், கொழும்பில் இறக்க வேண்டும், அங்கே லொறியில் ஏற்ற வேண்டும், சந்தையில் இறக்க வேண்டும். மொத்தம் ஏழு. கொழும்பின் மரக்கறி மொத்தச் சந்தையான மெனிங் சந்தை கோட்டை நிலையத்துக்குக் கிட்ட, புறக்கோட்டையில் இருந்த காலத்தில் கடைசிப் பகுதி சுகமாக இருந்தது. சந்தை பேலியகொடைக்குப் போனதோடு அந்த வசதியும் போய்விட்டது.

ஒவ்வொரு தரமும் மூடை எறிபடுகிறது. வெங்காயத்தின் மேல் தோல் உரிந்து சதை நசிந்தால், காற்றில்லாத மூடிய பெட்டியில் ஒரு இரவு போதும், அழுகல் பிடித்துவிடும். வெங்காயத் தாள் நன்றாகக் காயாமல் கட்டிய மூடை என்றால் கேட்கவே வேண்டாம், உள்ளே வெதுவெதுப்பாக வேர்த்திருக்கும். ஆகவே வலைச்சாக்கில்தான் கட்ட வேண்டும். அடுக்கும்போது சுவரோடு ஒட்டாமல் ஒரு கை அகலம் இடைவெளி விட வேண்டும்.

மீன் பெட்டியை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். மீன் வைக்கும் ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்) பெட்டியில் ஐஸ் உருகி, மூடிச் சந்தால் தண்ணீர் கசியும். அதை மூடைகளுக்கு மேலே வைத்தால் கீழே உள்ள மூன்று நான்கு மூடை நனைந்து, நாறி, கழிவு விலைக்கும் போகாது. மீன் எப்போதும் தரையில், கதவுப் பக்கமாக இருக்க வேண்டும். பெயர் எழுதிய அட்டை ஈரத்தில் அழிந்துவிடும். வெளியே ஒன்று கட்டி, பொலித்தீனில் சுற்றிய இன்னொன்றை மூடைக்குள்ளே போட்டால் பொதி வழிதவறாது.

கூலியிலும் லொறியோடு போட்டி போடுவது லேசல்ல. கொழும்பிலிருந்து மா, சீனி, பருப்பு, மாபிள் ஏற்றி வரும் லொறி வெறுமனே திரும்புவதைவிடக் குறைந்த கூலிக்கென்றாலும் சாமான் ஏற்றும். காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை ஓடிய காலத்தில் இங்கிருந்து தெற்கே போவதற்கு வருடம் முழுக்கச் சுமை இருந்தது. 1990இல் தொழிற்சாலையும் நின்றது, பாதையும் நின்றது. 2014இல் யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி திரும்பி வந்தது. அந்தச் சுமை திரும்பி வரவில்லை. இன்று அனுப்ப இருப்பது பருவத்துக்குப் பருவம் மாறும் வெங்காயம், முந்திரிகைப் பழம் (திராட்சை), மாம்பழம், கடலுணவு.

2023இல் அநுராதபுரத்துக்கு வடக்கே பாதை திருத்துவதற்காக மாதக்கணக்கில் சேவை நின்றபோது, பொதி அனுப்பியவர்கள் லொறிக்காரரோடு கணக்கு வைத்துக்கொண்டார்கள். முற்பணமும் கடனும் கலந்த உறவு அது, பாதை திறந்த மறுநாளே அறுந்துவிடாது.

பெரிய செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. சுன்னாகம் சந்தை நிலையத்துக்குக் கிட்டத்தான் இருக்கிறது. அந்த நிலைய மேடையின் தரையோடு பதித்த தராசு ஒன்று வேண்டும். லான்ட்மாஸ்டரிலிருந்து நேரே தள்ளுவண்டியில் இறக்கி, வண்டியோடேயே நிறுத்து, வண்டி எடையைக் கழித்து, அப்படியே பெட்டிக்குள் உருட்டிப்போய் அடுக்கலாம். கொழும்பில் மேடையோடு லொறியை அணைத்து நிறுத்திப் பெட்டியிலிருந்து நேரே ஏற்றலாம். ஏழு தரம் தூக்குவது ஐந்தாகும்.