ஆற்றின் போக்கில் சோழவந்தான் தரிசனம்

சோழவந்தான் என்றதும் ஜெனகை மாரியம்மனும் வெற்றிலையும் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் வைகைதான் ஆதாரம். அதனால் தரிசனத்தையும் ஆற்றின் போக்கிலேயே மேற்கிலிருந்து கிழக்காக வைத்துக்கொள்ளுங்கள். குருவித்துறையில் தொடங்கித் தென்கரை, சோழவந்தான் பார்த்துத் திருவேடகத்தில் முடிக்கலாம். மாற்றிப் போனால் குருவித்துறைக்குப் போய்ச் சேரும்போது மதிய நடை சாத்தியிருக்கும். அங்கே பேருந்தும் குறைவு.

குருவித்துறையில் சித்திர ரத வல்லபப் பெருமாள். மகன் கசனை மீட்க வேண்டிக் குரு பகவான் தவமிருந்த தலம் என்பதால், வியாழக்கிழமையும் குருப்பெயர்ச்சியும் நெரிசல். குரு சன்னதி மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களே அதிகம்; பெருமாளுக்குத்தான் பாவம், கூட்டமில்லை. வரும் வழியில் தென்கரை மூலநாதர் கோயில். பாடகர் டி. ஆர். மகாலிங்கத்தின் ஊரும் இதுதான். பாலம் தாண்டினால் சோழவந்தான்.

ஜெனகை மாரியம்மன் கருவறையில் முன்னால் சந்தனமாரி அமர்ந்திருக்க, பின்னால் ரேணுகாதேவி நின்றிருக்கிறாள். சுற்றுவட்டாரத்தில் யாருக்கு அம்மை போட்டாலும் இங்கிருந்துதான் தீர்த்தம் போகும். மஞ்சளும் வேப்பிலையும் சேர்ந்த தீர்த்தம். மூடியுள்ள சின்னப் பாத்திரம் கொண்டுபோவது நல்லது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டில் தாளிப்புக் கிடையாது, வாசலில் வேப்பிலை தொங்கும். தீர்த்தம் வாங்கியாயிற்று என்று மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

வைகாசித் திருவிழா 17 நாள். காப்புக் கட்டியவர் இரவு வெளியூரில் தங்குவதில்லை. வேலைக்காக மதுரைக்குப் போனாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். பால்குடம், அக்கினிச் சட்டி, பூக்குழி, தேர் என்று விழா ஏறிக்கொண்டே போகும். பூக்குழியில் கவனம் வேண்டியது கட்டையில்தான். முழுதும் எரியாத துண்டு கிடந்தால் அதில் கால் இடறும். விறகு கங்கானதும் தட்டி உடைத்துச் சமமாகப் பரப்புவது அதற்காகத்தான். ஈரக்காலில் கங்கு ஒட்டிக்கொள்ளும். பயந்து ஓடினால் கால் புதையும். நேர்ந்துகொள்ளாதவர் வேடிக்கை உற்சாகத்தில் இறங்க வேண்டாம். அன்று வாகனத்தை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுங்கள். மதுரை–திண்டுக்கல் பாதையில் ஊருக்கே ரயில் நிலையம் இருக்கிறது, அதில் வருவது இன்னும் சுகம்.

பூசைத் தட்டுக்கு வெற்றிலையை வெளியூரிலிருந்து வாங்கி வராதீர்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது இந்த ஊர் வெற்றிலை. இலை மெலிசு, காரம் உண்டு. கொடிக்காலில், அதாவது வெற்றிலைத் தோட்டத்தில், முதலில் அகத்தி விதைப்பார்கள். அது நிழல் தருமளவு வளர்ந்த பிறகே கொடி நடுவது. ஏறிய கொடியை நாரால் அகத்தியோடு கட்டி, உயரம் கைக்கு எட்டாமல் போனதும் இறக்கி மறுபடி கட்டுவார்கள். மண் ஈரமாகவே இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. இரண்டு நாள் நின்றால் வேர் அழுகி, வாடல் பக்கத்துக் கொடிக்கும் பரவும். மேட்டுப் பாத்தியும் ஆழமான வாய்க்காலும் அதனால்தான். கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டு நுழைய விடமாட்டார்கள். பக்தி என்பார்கள்; வேறு வயலின் நோய் மண் உள்ளே வராமலிருக்க அதைவிட எளிய காவல் இல்லை.

மாலையில் திருவேடகம். ஏடகநாதர், ஏலவார்குழலி. இருவருக்கும் தனித்தனி வாயில். சமணரோடு நடந்த வாதத்தில் சம்பந்தர் இட்ட ஏடு வைகை வெள்ளத்தை எதிர்த்து வந்து நின்ற இடம். ஆறு இங்கே தெற்கிலிருந்து வடக்காகத் திரும்புவதால் காசிக்குச் சமமென்று திதி கொடுக்க வருகிறார்கள். அணையில் தண்ணீர் திறக்காத மாதங்களில் ஆற்றில் மணலும் கருவேலும்தான் இருக்கும். திதிக்கு வருபவர்கள் முன்னதாகவே கோயிலில் விசாரித்துக்கொள்வது நல்லது. ஏடு எதிரேறிய விழா ஆவணிப் பௌர்ணமியில். அதற்கு வருவதானால் காலையிலேயே வந்துவிடுங்கள், மற்ற மூன்று ஊரையும் வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.