தாளில் வரைபவரின் தொழில்

நீர்வண்ண ஓவியத்தையே பிழைப்பாகக் கொண்ட இத்தனை ஆண்டுகளில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுள் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, “தாளில்தானே வரைந்திருக்கிறீர்கள், இதற்கு இவ்வளவு விலையா?” என்பதுதான். யாரும் அதைப் புண்படுத்தும் எண்ணத்தில் கேட்பதில்லை. கான்வாஸில் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம் ஒரு சொத்து என்றும், தாளில் தீட்டியது பள்ளிக்கூடப் பருவத்துப் பயிற்சி என்றும் நம்மில் பலர் நினைத்துப் பழகியிருக்கிறோம். இந்த எண்ணம் நம் ஊருக்கு மட்டும் உரியதும் அன்று. லண்டனின் கலை நிறுவனமான ராயல் அகாடமியின் சுவர்களில் எண்ணெய் ஓவியங்களுக்குக் கிடைத்த இடமும் மதிப்பும் தங்களுக்குக் கிடைக்காததால்தான், அங்கிருந்த நீர்வண்ண ஓவியர்கள் 1804-இல் தனிச் சங்கம் அமைத்து, மறு ஆண்டே தங்கள் ஓவியங்களை மட்டும் வைத்துக் கண்காட்சி நடத்தினார்கள். தாளுக்கு உரிய மதிப்பைத் தேடித் தருவதும் ஓவியரின் வேலையே என்பதை நான் இந்தத் தொழிலில் மெல்ல மெல்லத்தான் புரிந்துகொண்டேன்.

கும்பகோணத்தில் கவின்கலை படித்த எனக்கு, தாளில் வரையும் மரபு வெளியிலிருந்து வந்த புதுமையாக ஒருபோதும் தோன்றியதில்லை. கம்பெனி ஆட்சிக் காலத்தில் தஞ்சாவூர் ஓவியர்கள், பல தொழில் செய்யும் மக்களையும் அவர்களின் உடைகளையும் ஆங்கிலேயர்களுக்காகத் தாளில் வரைந்து கொடுத்தார்கள்; இரண்டாம் சரபோஜி மன்னர் செடிகளையும் பறவைகளையும் வரையச் செய்தார். அவற்றுள் பல இன்றும் நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் நல்ல நிலையில் இருக்கின்றன. நல்ல தாளும் நல்ல வண்ணமும் சேர்ந்து, வெயிலும் ஈரமும் அண்டாமல் பாதுகாக்கப்பட்டால், தாள் மனித ஆயுளைப் பலமுறை தாண்டி நிற்கும் என்பதற்கு இதைவிட அருகில் வேறு சான்று வேண்டியதில்லை.

வேலையின் வேகம்தான் விலை பேசும்போது நமக்கு எதிராக நிற்கிறது. மகாமகக் குளக்கரையில் விடியற்காலையில் தொடங்கும் அரைத்தாள் ஓவியம், வெயில் ஏறி மண்டபங்களின் நிழல் இடம் மாறுவதற்குள் முடிந்துவிடுகிறது. அருகில் நின்று பார்த்தவர் அந்த நேரத்தைத்தான் விலையோடு ஒப்பிடுகிறார். ஆனால் நீர்வண்ணத்தில் வெண்மை என்பது தீட்டாமல் விட்ட தாள்தான் என்பதால், எந்த இடத்தில் வண்ணம் படக்கூடாது என்பதைத் தூரிகையை நனைப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ஐப்பசி மழையில் வானத்துக்கு இட்ட வாஷ், அதாவது நீர்த்த வண்ணப் பூச்சு, காயவே காயாது. அக்னி நட்சத்திரத்திலோ தூரிகை தாளின் மறு ஓரத்தைத் தொடுவதற்குள் முதல் ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும். ஒரே ஊரை ஒரே வண்ணங்களால் வரைந்தாலும், தண்ணீரின் அளவைப் பருவத்துக்குப் பருவம் புதிதாகக் கணிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணிப்புக்குப் பின்னால் இருக்கும் ஆண்டுகளையும் சேர்த்தே விலை சொல்கிறேன். அதைப் பொறுமையாக விளக்கினால் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

விலையைக் கேட்டு வாங்குகிறவருக்கு நாம் திருப்பித் தர வேண்டியது நிலைத்தன்மை. இதில் நான் எந்தச் சமரசத்தையும் ஏற்பதில்லை. முழுக்கப் பருத்தியால் ஆன, அமிலமற்ற, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தாளையே விற்பனைக்குரிய ஓவியங்களுக்குப் பயன்படுத்துகிறேன். கலைஞர்களுக்கான தரமான வண்ண டியூப்களில் நிறமியின் குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். அல்ட்ராமரைன் நீலத்துக்கு பிபி 29, பழைய அலிசரின் கிரிம்சனுக்குப் பிஆர் 83. முன்னது ஒளியைத் தாங்கும், பின்னது வெளுத்துவிடும். அலிசரினின் ஆழ்ந்த சிவப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும், அதே சாயலைத் தரும் குவினாக்ரிடோன் நிறமிகள் இருக்கும்போது, காசு கொடுத்து வாங்குபவரின் சுவரில் மங்கப்போகும் வண்ணத்தை வைக்க எனக்கு உரிமை இல்லை. புதிய வண்ணம் எதை வாங்கினாலும் ஒரு பட்டையாகத் தீட்டி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, தெற்குச் சன்னலில் சில மாதங்கள் தொங்கவிட்டுப் பார்த்த பிறகே தட்டில் சேர்க்கிறேன்.

ஒளியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எடின்பரோவில் உள்ள, ஆங்கில ஓவியர் டர்னரின் நீர்வண்ண ஓவியங்களை வாடிக்கையாளர்களுக்கு எடுத்துச் சொல்வேன். ஹென்றி வான் என்ற சேகரிப்பாளர் அவற்றை ஸ்காட்லாந்தின் தேசிய ஓவியக்கூடத்துக்கு எழுதிவைத்தபோது, பகலொளி மிகக் குறைவாக இருக்கும் ஜனவரி மாதத்தில் மட்டுமே காட்சிக்கு வைக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். 1900-இல் அங்கு வந்து சேர்ந்த அந்த ஓவியங்களை ஜனவரியில் காட்டும் வழக்கமே அங்கு மரபாகிவிட்டது. நம் வீடுகளில் அவ்வளவு கட்டுப்பாடு தேவையில்லை. நேர் வெயில் படாத சுவர், கண்ணாடி ஓவியத்தைத் தொடாதபடி இடையில் அமிலமற்ற மவுண்ட் அட்டை, ஈரம் ஊறும் வெளிச்சுவரைத் தவிர்ப்பது ஆகியவை போதும். கண்ணாடி தாளோடு ஒட்டியிருந்தால் நம் கடற்கரை நகரங்களின் ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்துப் பழுப்புப் புள்ளிகள் விழும் என்பதால், ஃப்ரேம் கடைக்காரரிடம் இதை எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

வகுப்புகளும் அச்சுப் பிரதிகளும் மாத வருமானத்தைச் சமன்படுத்துகின்றன. கற்பிப்பதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு.

இளம் ஓவியர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது சட்டம். ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்று வரைந்துகொடுக்கும் ஓவியத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி அவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் ஆகிறார். நாமாக வரைந்து விற்ற ஓவியத்தின் நிலை வேறு. அங்கே தாள் கைமாறினாலும் பதிப்புரிமை நம்மிடமே இருக்கும். பதிப்புரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒரு வீட்டின் முகப்பையோ நிறுவனத்தின் நாட்காட்டிக்கான படங்களையோ வரைய ஒப்புக்கொள்ளும்போது, பதிப்புரிமை யாருக்கு, எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், எவ்வளவு காலத்துக்கு என்பதை முன்பணம் வாங்குவதற்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுகிறோம். இதனால் எந்த வாடிக்கையாளரும் விலகிப் போனதில்லை. எழுத்தில் கேட்பவரைத் தொழில் தெரிந்தவராகவே அவர்கள் மதிக்கிறார்கள்.

கேலரிகள் தங்கள் பங்காக விலையில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. வாடகையும் விளம்பரமும் வாங்குபவரின் நம்பிக்கையும் அவர்கள் கொண்டுவருவதால் அதை நான் நியாயமாகவே கருதுகிறேன். ஆனால் கேலரியில் ஒரு விலையும் என் பணியறையில் அதைவிடக் குறைந்த விலையும் சொல்வதில்லை. கேலரியை நம்பி முழு விலை கொடுத்தவர் அடுத்த மாதம் என் வீட்டுக்கு வந்தால், அதே அளவுத் தாளுக்கு அதே விலையைத்தான் நான் சொல்வேன். ஓவியத்தின் பின்புறம் தாளின் பெயர், நிறமிகளின் குறியீடுகள், வரைந்த ஆண்டு ஆகியவற்றை என் கையெழுத்தோடு குறித்து அவரிடம் கொடுப்பேன்.