பலகையில இருந்தது ஆறு நாளைக்கு முந்தின தண்ணி

போன வருஷம் ஒரு தீவுக்குப் போயிருந்தப்ப வலது காது அடைச்சு நாலு நாள் படுத்தி எடுத்துடுச்சு. ராத்திரி பூரா மழை கொட்டி விடிகாலைலதான் நின்னுச்சு, கடற்கரைல ஈ காக்கா இல்ல, மொத்தக் கடலும் நமக்குத்தான்னு ஓடிப்போய் குதிச்சேன். கழுத்தளவு தண்ணில நின்னு குனிஞ்சு பாத்தா கால் நகம் தெரியுது, அப்படி ஒரு தெளிவு. கரையில ஒரு பலகை வேற, 'நீர்த்தரம்: நன்று'ன்னு பச்சைல. அதுக்குக் கீழ பொடி எழுத்துல சாம்பிள் எடுத்த தேதி போட்டிருந்ததை காது வலி வந்தப்புறம் போய்த்தான் படிச்சேன். ஆறு நாளைக்கு முந்தின தேதி. அதாவது மழைக்கு முன்னாடி இருந்த கடலுக்குக் குடுத்த சர்டிஃபிகேட்டை நம்பி மழைக்குப் பின்னாடி இருந்த கடல்ல குளிச்சிருக்கேன்.

காது வலிக்குக் காரணம் அந்தத் தண்ணிதான்னு சத்தியம் பண்ண மாட்டேன், நீச்சல் அடிக்கிறவங்களுக்கு நல்ல தண்ணிலயே காது மக்கர் பண்ணும். ஆனா அந்தத் தேதி மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருந்துச்சு. என் ஃப்ரெண்ட் ஒருத்தி இன்னொரு தீவுல கடல்நீர் சாம்பிள் எடுக்குற வேலைல இருக்கா. அவகிட்ட புலம்பினேன். "சும்மா புலம்பாத, ஒருநாள் கூட வந்து பாரு"ன்னா. போனேன்.

காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டா. வெயில்ல இருக்குற புற ஊதாக்கதிர் கிருமியைக் கொன்னுடும், அதனால ஒரே இடத்துல காலைல எடுத்தா எண்ணிக்கை கூடவும் மத்தியானம் எடுத்தா குறைச்சலாவும் வரும். மத்தியானம் எடுத்து 'எங்க பீச் சுத்தம்'னு சொல்லிக்கிறது ரொம்ப ஈஸியாம், சிரிச்சுக்கிட்டே சொன்னா. இடுப்பளவு தண்ணிக்குப் போய், கலங்கின மண் அடங்குற வரைக்கும் அசையாம நின்னு, அலை வர்ற பக்கம் முகத்தை வச்சு, பாட்டிலைத் தலைகீழா முப்பது சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்கி, அங்க போய்தான் வாயை மேல திருப்புறா. மேல்பரப்புல மிதக்குற அழுக்கு உள்ள வரக்கூடாதுல்ல. நான் ஒரு பாட்டில் எடுக்குறேன்னு வாங்கினேன், மூடியைக் கழட்டினதும் வழக்கம்போல மல்லாத்திப் பிடிச்சேன். "ஏய் ஏய், மூடியைக் கவுத்துப் பிடி, உள்பக்கம் விரல் பட்டா உன் கையில இருக்குற கிருமியைத்தான் நாளைக்கு எண்ணணும்"னு ஒரு அதட்டல். அந்த பாட்டில் வீண். இன்னொண்ணு எடுத்தோம்.

எடுத்ததெல்லாம் ஐஸ் பெட்டிக்குள்ள போயிடும், ஆறு மணி நேரத்துக்குள்ள லேப்ல இருக்கணும்னு பரபரத்தா. பெரிய நகரத்துல இது ஒரு விஷயமே இல்ல. தீவுல லேப் எங்க இருக்கு? நிறைய தீவுகள்ல கிடையாது. படகு ஏறணும், காத்து அடிச்சு படகு ஓடலைன்னா அன்னிக்கு எடுத்த சாம்பிளைக் கீழ ஊத்த வேண்டியதுதான். அதாவது கடல் கொந்தளிச்சு மழை பெய்யிற நாள்ல, எப்ப ரிசல்ட் ரொம்ப அவசியமோ அப்பதான் ரிசல்ட் வராது.

சரி, லேப்ல என்ன தேடுறாங்க? நோய் உண்டாக்குற வைரஸையே தேடினா என்னன்னு நான் கேட்டேன். நோரோவைரஸ், அடினோவைரஸ்னு ஒவ்வொண்ணா தேடி மாளாது, செலவும் தாங்காது. அதுக்குப் பதிலா மனுஷன், மிருகம் குடல்ல எக்கச்சக்கமா இருக்குற என்டரோகாக்கைங்கிற பாக்டீரியாவை எண்ணுறாங்க. அது இருந்தா மலம் கலந்திருக்கு, மலம் கலந்திருந்தா மத்ததும் வந்திருக்கலாம், நெருப்பில்லாம புகையாதுங்கிற கணக்குதான். முன்னாடி கோலிஃபார்ம்ங்கிற வேற பாக்டீரியா வகையை எண்ணிக்கிட்டு இருந்தாங்க, 1970கள்ல அமெரிக்காவுல விக்டர் கபெல்லிங்கிற ஆராய்ச்சியாளர் கடற்கரை கடற்கரையா போய் குளிச்சவங்க கிட்ட 'வயித்தைக் கலக்குச்சா'ன்னு கேட்டு கேட்டு ஒப்பிட்டுப் பாத்ததுல, உப்புத் தண்ணில என்டரோகாக்கை எண்ணிக்கைதான் வயித்துக்கோளாறோட ஒட்டிப் போகுதுன்னு தெரிஞ்சுச்சு. இப்ப அமெரிக்காவோட 2012 அளவுகோல்ல 100 மில்லிக்கு சராசரி 35, தனி சாம்பிள்கள்ல பத்துக்கு ஒண்ணுக்கு மேல 130ஐத் தாண்டக்கூடாது. அதைக்கூட 'ஆபத்தே இல்ல'ன்னு நினைச்சுக்காதீங்க, அந்த அளவுல ஆயிரம் பேர் குளிச்சா 36 பேருக்கு உடம்புக்கு முடியாம போகலாம்னு ஏத்துக்கிட்டுத்தான் அந்த நம்பரையே வச்சிருக்காங்க. ஐரோப்பாவுல வேற மாதிரி, நாலு வருஷ டேட்டாவை மொத்தமா வச்சு கிரேடு போடுவாங்க.

இந்தப் புகை நெருப்பு கணக்கு ஹவாய்ல சறுக்குச்சு. வெப்பமண்டலத் தீவு மண்ணுல என்டரோகாக்கை தானாவே உயிர் வாழுதுன்னு ரோஜர் ஃபுஜியோகாங்கிற ஆராய்ச்சியாளர் அங்க கண்டுபிடிச்சார். ஒரு மழை பெஞ்சா மலையில இருக்குற மண் அடிச்சுக்கிட்டு வந்து, சாக்கடை ஒரு சொட்டு கலக்காமலே நம்பர் எகிறிடும். அதனால அங்க க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ்னு இன்னொரு பாக்டீரியாவை ரெண்டாவது சாட்சியா வச்சுக்கிறாங்க. அதுக்காக ஹவாய் கடல் சுத்தம்னும் சொல்லிட முடியாது, அங்க கழிப்பறைக் கழிவை அப்படியே மண்ணுல இறக்குற கழிவுக்குழிகள் 80 ஆயிரத்துக்கு மேல இருக்கு, எல்லாத்தையும் 2050க்குள்ள மாத்தணும்னு சட்டமே போட்டிருக்காங்க.

இந்தக் கழிவுக்குழி சமாச்சாரம்தான் தீவுகளோட பெரிய தலைவலின்னு எனக்குத் தோணுது. பவளப்பாறை, சுண்ணாம்புக்கல் தரை எல்லாம் சல்லடை மாதிரி, மேல ஊத்தினது வடிகட்டாம நேரா கடலுக்குப் போயிடும். கழிவுக்குழி இல்லாமலும் தரைக்கு அடியில இது நடக்கும். கலிஃபோர்னியா பக்கத்துல சான்டா காட்டலினா தீவுல அவலான்னு ஒரு கடற்கரை இருக்கு, அந்தக் கதையைப் படிச்சுட்டு எனக்குத் தூக்கமே வரல. படத்துல பாத்தா நீலமா அம்சமா இருக்கும். ஆனா வருஷக்கணக்கா மோசமான பீச் லிஸ்ட்ல வந்துக்கிட்டே இருந்துச்சு. கடல்ல கலக்குற பெரிய குழாய் எதுவும் கண்ணுக்குத் தெரியல. அலெக்ஸாண்ட்ரியா பேம்ங்கிற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் தோண்டித் துருவினதுல, ஊருக்கு அடியில ஓடுற பழைய சாக்கடைக் குழாய் கசிஞ்சு நிலத்தடி நீர்ல கலந்து, மணலுக்கு அடியில இருந்தே கடலுக்குள்ள ஊறுதுன்னு தெரிஞ்சுச்சு. நிலத்தடி நீர் அதிகமா ஊறுற நேரத்துல குளிச்சு தண்ணியை முழுங்கினவங்களுக்கு வயித்துக்கோளாறு கூடுதலா இருந்ததையும் பின்னாடி நடந்த ஆய்வுல பாத்தாங்க. கடல் வத்தி இருக்குறப்பதான் இந்த ஊற்று ஜாஸ்தி. குழந்தைங்க காலளவு தண்ணில விளையாடட்டும்னு நாம கூட்டிட்டுப் போறதும் அந்த நேரம்தான்!

பிலிப்பைன்ஸ் போராகாய் தீவு இன்னும் முத்திப்போன கேஸ். கழிவுநீர் நேரா கடலுக்குப் போகுதுன்னு 2018 ஏப்ரல் 26ல மொத்தத் தீவையும் ஆறு மாசம் மூடிட்டாங்க.

நம்ம சாம்பிளுக்கு வர்றேன். கடல்தண்ணில சுத்தமான தண்ணியை விட்டு பத்துல ஒரு பங்கா நீர்க்க வச்சு, ஒரு பொடியைப் போட்டுக் குலுக்கி, பெருசும் சின்னதுமா 97 குழி இருக்குற தட்டுல ஊத்தி சீல் பண்ணி, 41 டிகிரி சூட்டுல 24 மணி நேரம் வைக்கணும். இந்த முறைல அவ்வளவு நேரம் ஆகும், பாக்டீரியா வளரணும்ல. கிருமியோட மரபணுவைத் தேடுற பி.சி.ஆர். முறைல சில மணி நேரத்துல பாத்துடலாம், சான் டியேகோல 2022ல இருந்து அப்படித்தான் பண்றாங்க, ஆனா அந்த மெஷினும் ஆளும் எல்லா ஊருக்கும் கட்டுப்படியாகாது.

மறுநாள் லைட்டை அணைச்சுட்டு யு.வி. விளக்கைப் போட்டா. என்டரோகாக்கை இருக்குற குழி மட்டும் மின்னும். பாறைத் திட்டு பக்கம் எடுத்த தட்டு கன்னங்கரேல்னு இருந்துச்சு, ஒரு குழி கூட மின்னல. மழைத்தண்ணி ஓடை வந்து விழுற இடத்துத் தட்டைத் தூக்கினா, அடேங்கப்பா, நீல நிறத்துல மினுமினுன்னு, பெரிய குழியில முப்பது, சின்னதுல நாலு. அட்டவணையைப் பாத்து பத்தால பெருக்கினா 100 மில்லிக்கு 500 பக்கம் வருது. பாக்க அழகா இருக்குன்னு வாய் விட்டுச் சொல்லிட்டேன், அவ முறைச்சா. ரெண்டு இடத்துக்கும் நடுவுல நடந்தா நாலு நிமிஷம். ரெண்டு பாட்டிலையும் பக்கத்துல பக்கத்துல வச்சப்ப எனக்கு வித்தியாசமே தெரியல.

அதுல இருந்து எந்தக் கடற்கரைக்குப் போனாலும் முதல்ல தேதியைப் பாக்குறேன், அப்புறம் ஓடை, குழாய் எங்க வந்து சேருதுன்னு கரையோரமா ஒரு நடை. படகுங்க கூட்டமா நிக்கிற மூடின வளைகுடாவை விட அலையும் நீரோட்டமும் இருக்குற திறந்த பக்கம் மேல், ஆனா இழுப்பு இருக்கான்னு கேட்டுக்கணும். பலத்த மழைன்னா மூணு நாள் கழிச்சுத்தான் தண்ணில கால் வைக்கிறது. போன மாசம் இதே மாதிரி ரெண்டு நாள் ரூம்லயே உக்காந்து கடலைப் பாத்துக்கிட்டு இருந்தேன். கூட வந்தவங்க எல்லாம் ஆசை தீர குளிச்சாங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல, ஊர் வந்து சேருற வரைக்கும் என்னை ஓட்டித் தள்ளிட்டாங்க.