வீல்சேர் நுழையாத வாசல்

எங்கள் குழு வியாழக்கிழமை காலை ஆறரைக்குக் கூடும். ஒரு தொழிலுக்கு ஒருவர்தான் உறுப்பினர். டைல்ஸ் கடை ஒருவர், போர்வெல் ஒருவர், பல் டாக்டர் ஒருவர், மோட்டார் வைண்டிங் ஒருவர், வரிக் கணக்குக்கு நான். ஆளுக்கு ஒரு நிமிடம் எழுந்து நின்று, நான் இன்னார், எனக்கு இப்படிப்பட்ட வாடிக்கையாளர் வேண்டும் என்று சொல்வோம். அப்புறம் இட்லி. அப்புறம் சீட்டு எழுதுவது. யார் யாருக்கு எந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தார்கள், அதில் எத்தனை ரூபாய்க்கு வியாபாரம் நடந்தது, எல்லாம் சீட்டில் ஏறும். பாலக்காடு மாவட்டத்துக் கிழக்கு ஓரமான கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து ஆட்கள் பாதி, பொள்ளாச்சிக்காரர்கள் பாதி. பேச்சு முழுக்கத் தமிழ். ஜிஎஸ்டி பதிவு மட்டும் இரண்டு மாநிலத்துக்கும் தனித்தனி.

2017 ஜூலை 1 வரைக்கும் என் வருமானத்தில் பெரும்பங்கு சோதனைச் சாவடியிலிருந்து வந்தது. காகிதம் சரியில்லை என்று லாரியை ஓரம் கட்டினால் எனக்கு போன் வரும். ஜிஎஸ்டி வந்தது, வணிகவரிச் சாவடிகள் போயின, போனும் நின்றது. புது வாடிக்கையாளர் பிடிக்கத்தான் குழுவில் சேர்ந்தேன். தர்மம் செய்யவேண்டும் என்ற எண்ணமெல்லாம் அப்போது கிடையாது.

ஆனால் ஒரு வருடம் ஆவதற்குள் 2018 ஆகஸ்ட் வெள்ளம் வந்துவிட்டது. டைல்ஸ் கடை குடோனில் பொருள் சேர்த்தோம். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து டெம்போ டெம்போவாக வந்தது. அரிசியும் பிஸ்கட்டும் ஒரே நாளில் லாரி ஏறிவிட்டன. துணியைப் பிரிக்கத்தான் மூன்று நாள் பிடித்தது. முகாம்களில் கேட்டது நைட்டி, உள்ளாடை, நாப்கின், போர்வை. மூட்டையில் இருந்ததோ ஜரிகை பிளவுஸ், கோட்டு, ஒற்றைச் செருப்பு, யாரோ ஒருவர் கல்யாணத்தில் போட்ட ஷெர்வானி. மூன்றாம் நாள் ஒரு பையைப் பிரித்தேன், ஜிப் போன இரண்டு பேன்ட். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று பார்த்தால், என்னுடையவை. யாருக்கும் தெரியாமல் பையை மடக்கி ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு சேவைத் திட்டம் என்று குழுவில் தீர்மானம் ஆனது. ஒரு வருடம் பத்து வீல்சேர். பக்கத்துப் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் பிரிவுக்கு, அதாவது தீராத நோயாளிகளை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் பிரிவுக்கு, கொடுப்பது என்று முடிவு. எடுத்தவுடன் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "ஆடிட்டரே, இதுக்கு 80ஜி கிடைக்குமா?" (நான் ஆடிட்டர் இல்லை. ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள், திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது.) 80ஜி என்பது நன்கொடைக்கு வருமான வரியில் கழிவு தரும் பிரிவு. பொருளாகக் கொடுத்தால் கிடையாது என்றேன். பணமாக, பதிவு பெற்ற டிரஸ்ட்டுக்குக் கொடுத்தால் பெரும்பாலும் கொடுத்ததில் பாதிக்குத்தான் கழிவு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை. புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கு 80ஜியே கிடையாது. முகங்கள் வாடின. ஆனாலும் ஒருவர்கூடப் பின்வாங்கவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். வரிச்சலுகை இல்லாவிட்டால் யாரும் பையில் கைவிட மாட்டார்கள் என்று என் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. என் அனுபவத்தில் அது பாதிப் பொய்.

வீல்சேரின் முதுகில் குழுவின் பெயரை எழுதி, பஞ்சாயத்து ஹாலில் பொன்னாடை, போட்டோ எல்லாம் ஆயிற்று.

நாலு மாதம் கழித்து ஒரு நன்கொடை ரசீது விஷயமாக அந்தப் பிரிவுக்குப் போனேன். ஸ்டோர் ரூமில் ஏழு வீல்சேர்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நின்றன. அங்கிருந்த நர்ஸ் மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிறவர். "நம்ம ஆளுக வீட்டு வாசல் ரெண்டடி. இதோட அகலம் அதுக்கு மேலே. உள்ளே கேறாது சாரே." உட்கார முடிகிற நோயாளிகளே குறைவு என்றும் சொன்னார். பெரும்பாலானவர்கள் படுத்த படுக்கை. "கிடப்பு ரோகி" என்று மலையாளத்தில் சொல்வார்கள், எங்கள் பக்கத்துத் தமிழிலும் அதேதான். அவர்களுக்கு வேண்டியது ஏர் பெட். பம்ப் காற்றை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே இருக்கும், அதனால் ஒரே இடத்தில் அழுத்தம் விழாது, படுக்கைப் புண் குறையும். ஒரு நோயாளி இறந்தபின் அடுத்தவருக்குப் போகும். இருந்தவற்றில் ஆறு பம்ப் ஓடாமல் ஒரு அட்டைப்பெட்டியில் கிடந்தன.

எங்களில் யாரும் அதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டுக் கொட்டேஷன் போடுவதுதான் எங்கள் எல்லாருக்கும் தொழில். தர்மத்தில் மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

அந்த அட்டைப்பெட்டியை வைண்டிங்காரரிடம் கொண்டுபோய் வைத்தேன். ஒன்றைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார். "ஏனுங்க ஆடிட்டரே, இது மீன்தொட்டிக்குக் காத்து அடிக்கிற பம்ப் மாதிரியேதானுங்க. உள்ளே ரப்பர் கிழிஞ்சிருக்குது." தேநீர் ஆறுவதற்குள் ஒன்று ஓடிற்று. அன்று மாலைக்குள் நாலு. மற்ற இரண்டில் காயில் போயிருந்தது, மறுநாள் சுற்றித் தந்தார். மொத்தச் செலவு ஒரு வீல்சேரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதற்குப் பொன்னாடை இல்லை. எதையென்று போட்டோ எடுப்பது, ஓடுகிற பம்ப்பையா?

செவ்வாய்க்கிழமைகளில் அவர் நர்ஸுடன் வீடுகளுக்குப் போகத் தொடங்கினார், ஒருமுறை என்னையும் இழுத்துக்கொண்டார். கேரளத்தில் இது புதிதல்ல. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய சிறு முயற்சி, ஊர்க்காரர்களே வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் ஏற்பாடாக வளர்ந்து, 2008-இல் மாநில அரசின் பாலியேட்டிவ் கொள்கையே வந்துவிட்டது. எனக்குத்தான் அதுவரை தெரியாது.

நான் அங்கே போய் என்ன செய்வது? புண் கட்டத் தெரியாது, பம்ப் கழற்றத் தெரியாது. மூன்றாவது வீட்டில் ஒரு பாட்டி. மூன்று மாதமாகப் பென்ஷன் வரவில்லை என்றார், அப்போது மாதம் 1,600 ரூபாய். அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துத் தந்தார். "எழுத்து என்னமோ சாமி, நமக்குத் தெரியற எழுத்தா இல்லை." மலையாளம். பாட்டி படிக்கவில்லை. மகன் படித்தது தமிழ் மீடியம். வீட்டில் அதைப் படிக்க ஆளில்லை. வருடாந்திர மஸ்டரிங், அதாவது ஆள் உயிரோடு இருக்கிறார் என்று பதிவது, செய்யவில்லை, அதனால் நிறுத்தம் என்று இருந்தது. படுக்கையில் இருப்பவர்களுக்கு அக்ஷயா என்ற அரசு இ-சேவை மையத்து ஆளே வீட்டுக்கு வந்து செய்வார் என்பதும் அதிலேயே இருந்தது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ளூர் அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வரவேண்டும். அந்தச் சட்டம் அரிசி டப்பா வரை வந்து சேரவில்லை.

போன் போட்டேன், ஆள் வந்தார். பாட்டியின் விரல் ரேகை பதியவில்லை. தென்னந்தோப்பிலும் களத்திலும் தேய்ந்த விரல். கண்ணை வைத்துப் பதிந்தார்கள். இரண்டு கடிதங்கள், மூன்று போன். என் ஆபீஸில் இதற்குக் கட்டணம் கேட்டால் முந்நூறு ரூபாய் கேட்பேன்.

அதிலிருந்து செவ்வாய் தோறும் காகிதம் படிக்கிற ஆள் நான்.

குழுவில் இதைச் சொன்னபோது போர்வெல்காரர் ஒன்று கேட்டார். வைண்டிங்காரர் அந்த வீடுகளிலிருந்து மோட்டார் வேலை பிடிக்கிறாராமே, அப்புறம் அது என்ன சேவை? வைண்டிங்காரர் தலைகுனிந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ரோட்டரி ஞாபகம் வந்தது. 1905-இல் சிகாகோவில் நாலு பேர் தொடங்கியபோது அதுவும் ஒருவருக்கொருவர் வியாபாரம் கொடுத்துக்கொள்கிற கூட்டம்தான். பொதுச் சேவை பிறகு வந்தது. தொடக்கத்தில் செய்த காரியங்களில் ஒன்று ஊருக்குப் பொதுக் கழிப்பறை. இதைச் சொல்லி வாதாடவேண்டும் என்று வாயெடுத்தேன். ஆனால் நானே ஒரு விஷயத்தை மறைத்து வைத்திருந்தேன்.

பாட்டியின் மகன் டெம்போ ஓட்டுகிறவர். கொப்பரை வாங்கி விற்க ஆரம்பித்து, ஜிஎஸ்டி பதிவுக்கு என்னிடம் வந்திருந்தார். கட்டணம் வாங்கினேன். அவரும் மகிழ்ச்சியாகத்தான் கொடுத்தார். வாங்கியது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை, ஆனாலும் மூன்று வாரமாகச் சீட்டில் ஏற்றாமல் வைத்திருந்தேன்.

அன்றைக்கு ஏற்றினேன். தொகையை எழுதியாயிற்று. வேலையைக் கொடுத்தவர் யார் என்ற கட்டத்தில் பாட்டியின் பெயரை எழுதி நீட்டினேன். செயலாளர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இவங்க மெம்பர் இல்லைங்களே ஆடிட்டரே."