நாரிப்பிடிப்பும் தலைகீழ் மேசையும்: எத்தனை பாகை, எத்தனை நிமிடம்

வெங்காயம் கிண்டுகிற நாட்களில் உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் பக்கம் யாரைக் கேட்டாலும் நாரி உளைவுதான் முதல் கதை. கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போய் வந்தவருக்கும் நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்திருப்பவருக்கும் அதே கதைதான். எண்ணெய் பூசி, நொச்சி இலை போட்டு ஒத்தணம் பிடித்துப் பார்த்த பிறகு இப்போது பலர் விசாரிப்பது இன்வேர்சன் டேபிள் என்கிற தலைகீழ் மேசையை, கணுக்காலைப் பூட்டிப் படுத்தால் தலைப்பக்கம் கீழே சரிகிற பலகையை. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவுக்காரர் அனுப்பிய பெட்டியில் வந்து, விறாந்தையில் பூட்டப்பட்டு, ஒரு கிழமைக்குள் உடுப்புக் காயப்போடுகிற இடமாகிவிட்ட மேசைகள் கொஞ்சமல்ல. பெரும்பாலும் பழுது மேசையில் இருப்பதில்லை. உயரத்தைச் சரியாகப் பூட்டாமல், "ஒருக்கா முழுசாத் தொங்கிப் பாப்பம்" என்று முதல் நாளே ஏறியதால் வந்த பயம்தான் காரணம்.

முழுசாகத் தொங்கத் தேவையே இல்லை. கணக்கைப் பாருங்கள். நிற்கும்போதும் இருக்கும்போதும் மேலுடம்பின் பாரம் நாரிப் பக்கத்து டிஸ்க்குகளில், அதாவது முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கிற தட்டுகளில், இறங்குகிறது. தலைப்பக்கத்தைச் சரித்தால் அதே பாரம் எதிர்ப்பக்கம் இழுக்கும். 70 கிலோ உள்ள ஒருவருக்கு நாரிக்கு மேலே இருக்கிற உடம்பு ஏறக்குறையப் பாதி, 35 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 30 பாகைச் சரிவில் அதில் பாதி, 17 அல்லது 18 கிலோ இழுக்கும். 45 பாகையில் 25 கிலோ. 60 பாகையில் 30. முழுத் தலைகீழாக 90 பாகையில் 35. பள்ளிக்கூடத்தில் படித்த சைன் கணக்குத்தான்.

இதில் முதுகுக்கும் பலகைக்கும் இடையிலான உராய்வைக் கழிக்க வேண்டும். 20 பாகையில் பருத்திச் சேட்டோடு படுத்தால் இழுவையின் பெரும்பகுதியை உராய்வே தின்றுவிடும். சரிவு கூடக் கூட இழுவை ஏறுகிறது. பலகையில் அழுந்தும் பாரம் குறைவதால் உராய்வும் இறங்குகிறது. ஆகவே 20 பாகையில் "ஒண்டும் இழுபடேல்லையே" என்று சொல்பவர் சரியாகத்தான் கவனித்திருக்கிறார். 20 பாகை உடம்பைப் பழக்குவதற்கு மட்டும். 60இலிருந்து 90க்குப் போய்ச் சம்பாதிப்பது வெறும் 5 கிலோ. அந்த 5 கிலோவுக்காக உடம்பு முழுவதும் கணுக்காலில் தொங்கும், கையை அசைத்துத் தானாகத் திரும்பி வருகிற வசதியும் போய்விடும். பலருக்கு 45 பாகையே போதும்.

இரத்தத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இதயத்திலிருந்து கண் மட்டம் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர். நிற்கும்போது அந்த உயரம் கண்ணுக்கு ஏறுகிற இரத்தத்தின் அழுத்தத்தை 20 மில்லிமீற்றர் பாதரசத்துக்குச் சற்று அதிகமாகக் குறைக்கிறது. தலைகீழானால் அதே அளவு கூட்டுகிறது. சிரசாசனத்தில் கண்ணின் உள்ளழுத்தம் இரண்டு மடங்காகிறது என்று அளந்தே கண்டிருக்கிறார்கள்.

அதனால் குளுக்கோமா என்கிற கண்ணழுத்த நோய் உள்ளவர், விழித்திரை கழன்றவர், சீனி வருத்தத்தால் கண் பாதித்தவர், இதய வருத்தக்காரர், ஒருமுறை பக்கவாதம் வந்தவர் இந்த மேசைக்குக் கிட்டப் போகக்கூடாது. கிளினிக் கொப்பியில் பிரஷர் என்று எழுதியிருந்தால், குளிசையால் கட்டுப்பாட்டில் இருந்தாலும், முதலில் டொக்டரைக் கேளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் அப்படியே. கர்ப்பிணிகள், எலும்பு தேய்ந்தவர்கள், முள்ளந்தண்டில் உடைவோ அண்மையில் சத்திரசிகிச்சையோ உள்ளவர்கள், நெஞ்செரிவும் இரைப்பை ஏற்றமும் உள்ளவர்கள், இடுப்பிலோ முழங்காலிலோ செயற்கை மூட்டு வைத்தவர்கள் வேண்டாம். காதில் கிருமித்தொற்று இருக்கும் கிழமையிலும் வேண்டாம்.

இன்னொன்று. நாரி நோவோடு சிறுநீர் கட்டுப்படாமல் போவது அல்லது அடைபடுவது, குண்டியையும் தொடையிடுக்கையும் சுற்றி மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் இழுபடுவது, காய்ச்சலோடு நோவு, விழுந்த பிறகு தொடங்கிய நோவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் மேசையும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனிப் பூட்டும் வேலை. சீமெந்து நிலமோ மாபிள் நிலமோ, நாலு காலும் ஆடாமல் நிற்க வேண்டும். ஆடினால் கடதாசி மட்டை மடித்து வைத்துச் சமாளிக்காமல் இடத்தை மாற்றுங்கள். உடம்பு சரியும்போது தலைப்பக்கம் பின்னுக்கும் கால்பக்கம் மேலுக்கும் போகும். பின்னால் சுவரும் மேலே மின்விசிறியும் இல்லாத இடம் வேண்டும். வெறும் மேசையை ஒரு முறை முழுக்கச் சுழற்றிப் பார்த்தால் எங்கே முட்டும் என்று தெரிந்துவிடும்.

உயரம்தான் உயிர். கால்பக்கத் தண்டில் துளைகளும் அடி, அங்குலத்தில் எண்களும் இருக்கும். உங்கள் உயரத்தை விட ஓர் அங்குலம் கூட்டி வைத்துத் தொடங்குங்கள். தண்டு நீண்டால் கால்பக்கம் பாரமாகும், மெதுவாகவே சரியும். தண்டு குறுகினால் தலைப்பக்கம் பாரமாகி, படுத்த உடனே தடாலென்று பின்னால் போகும். சரியான அளவு கிடைத்துவிட்டதா என்று பார்ப்பது இப்படி: கணுக்காலைப் பூட்டி, கைகளை நெஞ்சின் மேல் மடித்துப் படுத்தால் மேசை ஏறக்குறையக் கிடைமட்டத்தில் நிற்க வேண்டும், அல்லது கால்பக்கம் சற்றுத் தாழ வேண்டும். ஒரு கையை மெல்லத் தலைக்கு மேலே நீட்டினால் சரியத் தொடங்க வேண்டும். கையை மீண்டும் நெஞ்சுக்குக் கொண்டுவந்தால் தானாகத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் தண்டை ஒரு துளை நீட்டுங்கள். சரியவே மாட்டேன் என்றால் ஒரு துளை குறையுங்கள். ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்குக் கூட ஒரே துளை பொருந்தாது. தோள் அகன்றவருக்கும் வயிறு பெருத்தவருக்கும் பாரம் வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டில் மூன்று பேர் பாவித்தால் மூன்று பேரின் துளை எண்ணையும் ஒரு துண்டில் எழுதி மேசையிலேயே ஒட்டிவிடுங்கள்.

தண்டைப் பிடிக்கிற பூட்டு ஊசி (பின்) துளைக்குள் முழுசாக இறங்க வேண்டும். பாதி இறங்கி நின்றாலும் பார்வைக்குப் பூட்டியது போலத்தான் தெரியும். தண்டைக் கையால் இழுத்தும் தள்ளியும் பாருங்கள். கணுக்கால் பிடியும் அதே கதை. லேஸ் கட்டும் சப்பாத்துப் போட்டு, முன்னும் பின்னும் உள்ள ஸ்பொஞ்ச் உருளைகள் கணுக்காலைச் சுற்றி இறுகும்வரை பூட்டி, காலை உருவிப் பாருங்கள். உருவ வந்தால் இன்னும் ஒரு பல் இறுக்க வேண்டும். வெறுங்காலோடு ஏறினால் பாதத்தின் மேற்பக்கம் நொந்து, அந்த நோவுக்கே உடம்பு முழுக்க இறுகிவிடும். சாரத்தோடு ஏறுபவருக்குத் தனியாக ஒன்றும் சொல்லத் தேவையில்லை, முதல் 20 பாகையில் அவருக்கே விளங்கும். சோட்ஸ் போடுங்கள். சட்டைப்பையில் சில்லறையும் ஃபோனும் வேண்டாம்.

பலகைக்குக் கீழே ஒரு நாடா இருக்கும், சரிவு எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று அதுதான் மறிக்கும். அதைக் கழற்றிவிட்டு "கையால பிடிச்சுக்கொள்ளுறன்" என்பவர்தான் முழுசாகக் கவிழ்கிறவர்.

முதல் கிழமை 20 பாகை, 1 நிமிடம், ஒரு நாளைக்கு ஒருமுறை. பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். தலை கனக்காமல், கண் முட்டாமல் இருந்தால் அடுத்த கிழமை 30 பாகையில் 2 நிமிடம். அதற்கு மேல் கிழமைக்கு 5 அல்லது 10 பாகை கூட்டி, 45இலோ 60இலோ நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு 3 தொடக்கம் 5 நிமிடம். அரை மணித்தியாலம் தொங்கினால் ஆறு மடங்கு சுகம் வராது, முகம்தான் வீங்கும். சாப்பிட்டு 2 மணித்தியாலம் ஆகியிருக்க வேண்டும். மதியம் சோறும் கறியும் சாப்பிட்டவருக்கு 3 என்றாலும் நல்லது. பின்னேரம்தான் நல்ல நேரம். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் தண்ணீர் உறிஞ்சி உப்பியிருக்கும், காலையில் ஒருவர் 1 சென்ரிமீற்றருக்கு மேல் கூட உயரமாக இருப்பது அதனால்தான். உப்பிய டிஸ்க்கை இழுத்து என்ன லாபம்? நாள் முழுக்க நசுங்கிய பிறகு இழுப்பதில்தான் பயன்.

சரிந்த பிறகு செய்ய வேண்டியது மூச்சை விடுவது மட்டும். மூக்கால் 3 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடுங்கள். நாரியின் இரு பக்கமும் கயிறு போல ஓடுகிற தசைகள் திடீரென்று இழுபட்டால் எதிர்த்து இறுகும், மெதுவாக இழுபட்டால்தான் விட்டுக்கொடுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கித் தொங்குபவருக்கு 60 பாகையிலும் ஒன்றும் தளராது, பிரஷர்தான் ஏறும். தொங்கிக்கொண்டே வயிற்றுப் பயிற்சி செய்வது வீடியோவுக்கு நல்லது. நோவுள்ள நாரிக்கு அது நஞ்சு.

பெரும்பாலானவர்கள் பிழைவிடுகிற இடம் திரும்பி வருவதுதான். 3 நிமிடம் இழுபட்டிருந்த டிஸ்க்கில் மேலுடம்பின் பாரம் சடாரென்று ஏறினால், தொங்கும்போது இல்லாத குத்து எழும்பும்போது வரும். தலையில் தேங்கிய இரத்தமும் சடாரென்று இறங்கி, தலைசுத்து வரும். ஆகவே கைகளை நெஞ்சுக்குக் கொண்டுவந்து கிடைமட்டத்துக்கு வாருங்கள். அங்கேயே 2 நிமிடம். பிறகு கால்பக்கம் சற்றுத் தாழ இன்னும் 1 நிமிடம். அதன் பிறகுதான் நிமிர்ந்து கணுக்காலைக் கழற்ற வேண்டும். கழற்றும்போது நேராகக் குனியாமல் முழங்காலை மடித்துக் குனியுங்கள். இப்போதுதான் இழுபட்ட நாரியை வளைத்துக் குனிந்து, கணுக்கால் பூட்டைக் கழற்றும்போதே பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. கைகளை நெஞ்சுக்குக் கொண்டுவந்தும் மேசை திரும்பாமல் தலைப்பக்கமே சரிந்து நின்றால் எழும்பி உட்கார முயல வேண்டாம், அது தலைப்பக்கத்தை இன்னும் பாரமாக்கும். முழங்காலை மடித்து உடம்பைக் கால்பக்கம் இழுத்தால் மேசை தானாக வரும்.

நோவு எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள். குண்டியிலிருந்து கெண்டைக்கால்வரை இழுத்த நோவு மெல்ல மேலே ஏறி நாரியில் மட்டும் நின்றால், நாரி சற்றுக் கூட நொந்தாலும் அது நல்ல அறிகுறி. நாரியில் இருந்த நோவு காலுக்கு இறங்கினால், பாதம் விறைத்தால், அன்றோடு நிறுத்துங்கள்.

பலன் எவ்வளவு என்பதில் ஏமாற்று வேண்டாம். 2013இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடுகிற கொக்ரேன் அமைப்பு நாரி நோவுக்கான இழுவைச் சிகிச்சை பற்றிய 32 ஆய்வுகளை, 2,762 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. இழுவையால் பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான் முடிவு. மறுபக்கம், இங்கிலாந்தின் நியூகாசிலில் 2012இல் வெளிவந்த சிறிய ஆய்வில், ஒரே ஒரு டிஸ்க் பிதுங்கிச் சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்தவர்களில் மேசையும் பிசியோதெரபியும் செய்த 13 பேரில் 10 பேருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை. 13 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் எண்ணம் இது: மேசை நாரியைச் சுகமாக்குவதில்லை, தசை தளர்ந்த கொஞ்ச நேரத்தைத் தருகிறது. அந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உடனே சாய்மனைக் கதிரையில் சரிந்தாலும், மோட்டச்சைக்கிளில் ஏறிக் குன்று குழி ஒழுங்கையால் போனாலும் கிடைத்ததும் போய்விடும். முற்றத்தில் 10 நிமிடம் நடவுங்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சி இருந்தால் அதற்கும் இதுதான் நேரம்.

மேசை இல்லாதவர்கள் ஒன்றும் இழந்துவிடவில்லை. நிலத்தில் பாய் விரித்து மல்லாந்து படுத்து, பிளாஸ்ரிக் கதிரையில் இரண்டு கெண்டைக்காலையும் வைத்து, இடுப்பும் முழங்காலும் செங்கோணமாக 10 நிமிடம் கிடந்தால் நாரித்தசை பாதி தளர்ந்துவிடும். பிரஷர்காரரும் இதைச் செய்யலாம். தோள் நல்லாக இருப்பவர் தலைக்கு மேலே எட்டுகிற உறுதியான மாமரக் கொப்பைப் பிடித்து, பாதம் நிலத்திலேயே இருக்க முழங்காலை மெல்ல மடித்து, 15 செக்கன்வரை பாரத்தை விடலாம், 4 தடவை. பாய்ந்து தொங்குவதும் குதித்து இறங்குவதும் கூடாது. முருங்கைக் கொப்பை நம்பவே கூடாது.

மேசை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பருத்தித்துறை, குருநகர் போலக் கடற்காற்றுப் படுகிற வீடுகளில் போல்ட்டும் பின்னும் ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை ஸ்பனர் போட்டு நட்டுகளை இறுக்கி, சுழலும் இடத்தில் ஒரு துளி எண்ணெய் விட்டு, கணுக்கால் பூட்டின் பற்களில் துருவோ தேய்வோ இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். பல் தேய்ந்திருந்தால் அந்தப் பூட்டை மாற்றும்வரை மேசையில் ஏற வேண்டாம். பாவிக்காத நேரம் மடித்துச் சுவரோடு கட்டி வையுங்கள், பிள்ளைகளுக்கு அது ஊஞ்சல்.